இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள்: பிறர் அறிதற்பொருட்டுப் பழிக்கஞ்சாத பெரியார்

கற்றவர் இருவகையினர். தாம் அறிந்த அளவில் அமைபவர் ஒருவகையினர். தாம் அறிந்தது பிறரிடத்துச் சென்று சேருமளவும் அமையாதவர் மற்றொருவகையினர். நினைவாற்றல், கூர்த்த மதி, பன்னூற் பயிற்சி என்பன முதல்வகையினர்க்கும் உள்ளனவே. இரண்டாம் வகையினர்க்கோ இவற்றின்மேலும் சில குணங்கள் வேண்டப்படும். தம் பிழை பிறர் கண்ணிற் படுவதைப் பொறுத்தல், யாரிடம் பெற்றோம் என்பதை மறையாது கூறுதல், அயற்சமயத்தார் நூலையும் உள்ளவாறே எடுத்து வழங்கல், இயன்றமட்டும் ஆராய்ந்தபின் காலந்தாழ்த்தாது வெளியிடல் என்பன அவை. இக்குணங்கள் தம்மை உடையார்க்குச் சிலபோது இகழ்ச்சியையும் தேடிக்கொடுக்கும். ஆயினும் பிறர் அறிவு பெறுவது இவற்றாலேயாம்.

சைவ வித்தியாசாலைகளிலே கற்பிக்கும் நம்மனோர்க்கு உரிய கல்வி இவ்விரண்டாம் வகையதே. அதனை நூல்களிற் படித்தறிவதினும் ஒரு பெரியாருடைய வாழ்க்கையிற் கண்டறிதல் எளிது. ஆதலால் நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்து, சென்னையிலே தமிழ்ப்பணி செய்து சிவபதமடைந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களுடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தோம். அவர்களைப் பழந்தமிழ் நூற் பதிப்பாசிரியர் என்று யாவரும் அறிவர். அவர்கள் தொடக்கத்தில் உபாத்தியாயர் என்பதையும், முடிவுவரையும் தம்மை மாணாக்கராகவே எண்ணியிருந்தார்கள் என்பதையும் நினைப்பவர் சிலரே.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12ஆந் திகதி சிறுப்பிட்டியில் அவதரித்தார்கள். தந்தையார் வைரவநாதபிள்ளை, தாயார் பெருந்தேவி அம்மையார். சிறுவயதிலே தமிழ் நெடுங்கணக்கும் நீதிநூல்களும் நிகண்டும் கற்றபின், தெல்லிப்பழையிலே அமெரிக்க மிஷன் பாடசாலையிற் சேர்க்கப்பட்டார்கள். பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றார்கள். அது 1823ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமாரால் நிறுவப்பட்டு, 1855இல் மூடப்பெற்ற உயர்தரக் கலாசாலை. ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் அங்கே முறையாகக் கற்பிக்கப்பட்டன. மிஷன் வழக்கப்படி பிள்ளையவர்களுக்கு அங்கே வேறொரு பெயரும் வழங்கிற்று.

மிஷன் கலாசாலையிற் கற்ற சைவர்க்கு இரண்டு இடர்கள் நேர்வதுண்டு. ஒன்று, அங்குக் கற்ற கல்வியோடு தம் முன்னோர் நெறியையும் மொழியையும் இகழ்ந்து போதல். மற்றொன்று, தம் நெறிக்கு மீண்டபின் அக்கலாசாலையிற் பெற்ற நன்மைகளையெல்லாம் இல்லையென்று மறுத்தல். பிள்ளையவர்கள் இவ்விரண்டிற்கும் உட்படவில்லை. சைவராய் நின்றார்கள், சைவத்தின் பெருமை கூறும் நூலும் எழுதினார்கள். அச்சு, ஒப்புநோக்கு, ஆண்டுக்கணக்கு, சான்று காட்டல் என அக்கலாசாலை தந்த கருவிகளையோ கைவிடாது தமிழுக்கே பயன்படுத்தினார்கள். மிஷன் பள்ளியிலே கற்ற யாமும் இதனை நினைக்குந்தோறும் மனந்தேறுவோம்.

வட்டுக்கோட்டையிற் கல்வி முடித்தபின் அவர்கள் மேற்கொண்ட முதற்றொழில் ஆசிரியத் தொழிலேயாம். கோப்பாயில் உபாத்தியாயர்களைப் பயிற்றும் பாடசாலையிற் கற்பித்தார்கள். அக்காலத்திலேயே, 1854ஆம் ஆண்டு, குமரகுருபர சுவாமிகள் அருளிய நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் வெளியிட்டார்கள். அப்பொழுது பிராயம் இருபத்திரண்டு. நெடுங்காலம் பின்னர்ப் பெருகிய பதிப்புப்பணியின் ஊற்றுக்கண் ஒரு வகுப்பறையின் அருகே திறந்தது என்பது நாம் கருதத்தக்கது.

பின்பு பேர்சிவல் பாதிரியாருடைய அழைப்பின்மேற் சென்னை சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு தாபிக்கப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகள் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளையவர்கள். அதன்மேற் கள்ளிக்கோட்டையிலே அரசினர் பாடசாலையிற் கற்பித்து, மீண்டுஞ் சென்னையில் அரசினர் கணக்குப் பகுதியில் உத்தியோகம் ஏற்று, அதிலே உயர்ந்த பதவி பெற்றார்கள். 1871இல் சட்டக்கலைப் பட்டமும் பெற்றார்கள். இவ்வளவில் அவர்கள் நின்றிருந்தால், நல்ல உத்தியோகம் பார்த்து நன்றாக வாழ்ந்த ஒருவர் என்பதன்மேல் அவர்களைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்காலத்தில் நம் பழைய நூல்கள் எந்நிலையில் இருந்தன என்பதை ஈண்டு அறிதல் வேண்டும். தொல்காப்பியம் என்னும் பெயரைப் பலர் கேட்டிருந்தனர்; அதன் பொருளதிகாரத்தை உரையோடு முழுவதுங் கண்டவர் மிகச் சிலர். சங்கத்தார் தொகை நூல்கள் மடங்களிலும் வித்துவான்கள் வீடுகளிலும் ஓலைச்சுவடிகளாய்க் கிடந்தன. பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் ஈரமும் அதனை உண்ணும். நூறு இருநூறு ஆண்டுக்கொருமுறை புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினாலன்றி நூல் அழிந்துபோம். பெயர்த்தெழுதுவாரோ அருகிவிட்டனர். தந்தை போற்றிய சுவடியை மகன் பரண்மேல் இட்டான். பேரன் அது யாதென அறியாது அடுப்பிலோ ஆற்றிலோ போட்டான்.

கிடைத்த சுவடியைப் படிப்பதும் எளிதன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை தெரியாது. ரகரமும் காலும் ஒரே வடிவாய் நிற்கும். மூலம் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று, மேற்கோட்செய்யுள் எதுவரை என்னும் எல்லைகள் தோன்றா. எழுதினோன் விட்ட வரியும், இருமுறை எழுதிய வரியும், அறியாது திருத்திய சொல்லும் அவ்வாறே பிரதிக்குப் பிரதி பெருகும். இத்தகைய ஏட்டை அச்சிற் பதிப்பிப்பவர் எத்துணை வல்லவராயினும் பல இடத்து வழுவுதல் திண்ணம்.

இதனாலே பெரும்புலவர் பலர் அத்தொழிலை அணுகாதிருந்தனர். ஏட்டிற் படித்து மாணாக்கர்க்குச் சொல்லும்பொழுது பிழை நேர்ந்தால் அது அத்திண்ணையோடு போம். அச்சிலேறிய பிழையோ ஊர்தோறுஞ் சென்று ஆசிரியன் பெயரைச் சொல்லி நிற்கும். ஆதலால் நூல் அழியினும் அழிக, நம் புகழ் அழியாதிருக்க என்று வாய்விட்டுக் கூறாவிடினும், அவ்வாறு நடந்தனர் சிலர். இது கொடுமையால் விளைந்ததன்று, அச்சத்தால் விளைந்தது. ஆயினும் அதன் பயன் கொடியது. ஒருவர் தம் புலமையைக் காக்க ஒரு நூல் மறைந்தது. நூல் மறையவே, பின்வரும் தலைமுறை முழுவதும் அறியும் வழி அடைபட்டது.

இந்நிலையில் நூல்களைப் பிழையற அச்சிட்டு வழிகாட்டியவர்கள் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள். பிள்ளையவர்கள் தாமும் ஒரு நூல் பதிப்பிக்க விரும்பியபோது முதலில் நாவலரவர்களையே அடுத்தார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரை, நாவலரவர்கள் பரிசோதித்துத் தர, 1868ஆம் ஆண்டு பிள்ளையவர்களால் வெளியிடப்பட்டது. பல்கலைக்கழகப் பட்டமும் அரசினர் பதவியும் உடைய ஒருவர், தம்மினும் வல்லார் ஒருவர் கண் படாமல் நூலை வெளியிடலாகாது என்று கருதியது கவனிக்கத்தக்கது. தம்மினும் அறிந்தாரை வினாவுதற்கு நாணாமையே பிறர்க்கு உதவுங் கல்வியின் முதற்படி.

நாவலரவர்கள் 1879ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் சிவபதமடைந்தார்கள். அதன்பின் அப்பெருஞ்சுமையைத் தாங்குவார் யாவர் என்று பலரும் ஒருவரையொருவர் நோக்கியிருந்த காலத்திலே, தமிழ்ப்புலமைப் பட்டம் ஒன்றுமில்லாத இக்கணக்கு உத்தியோகத்தர் அதனைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்கள். 1881இல் வீரசோழியம் வெளிவந்தது. 1883இல் இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும் வெளிவந்தன. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் முதன்முறையாக முழுவதும் உரையுடன் அச்சேறியது. 1887இல் கலித்தொகையும், 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், அதன்மேல் தொல்காப்பியத்து எழுத்துக்கும் சொல்லுக்கும் நச்சினார்க்கினியருரைகளும் வெளிவந்தன. பத்தாண்டுக்குச் சிறிது மேற்பட்ட காலத்தில் ஒரு தனிமனிதர் செய்த பணி இது. 1882இல் உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்றவர்கள், ஓய்வுக்காலத்தை இவ்வாறு ஓய்வின்றிக் கழித்தார்கள்.

அவர்கள் தம் பதிப்புரைகளிலே தம்மைப்பற்றிக் கூறியவற்றுள் ஒரு கருத்து நம் நெஞ்சிற் பதிக்கற்பாலது. பண்டிதர், மகாவித்துவான் என்னும் பெரும்பட்டங்களைத் தாம் சுமக்கவில்லையென்றும், இன்னும் தமிழ் படிக்கும் மாணாக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவரேயென்றும், ஆதலால் தம் பதிப்பிற் பிழை காணப்படின் அதனாற் றமக்குப் பெரிய இழுக்கு ஒன்றுமில்லையென்றும் அவர்கள் கருதினார்கள். இதனை வெறும் அவையடக்கமாக யாம் கொள்ளவில்லை. அவையடக்கம் கூறி நூல் தொடங்குவோர் பலர். பிழை காட்டியவழிச் சினப்பவரும் அவருட் பலர். பிள்ளையவர்களுக்கோ மாணாக்கர் என்னும் நிலை தொழில் செய்தற்கு ஒரு வழியாயிருந்தது. தம் புகழைக் காக்கும் வேலையை விட்டவழி, நூலைக் காக்கும் வேலைக்குக் கையும் காலமும் கிடைத்தன.

இங்கே ஒரு வினா எழும். பிழைக்கு அஞ்சவேண்டாவென்றால், ஆராயாது எழுதுவார்க்கும் அச்சிடுவார்க்கும் இது புகலாகாதோ? ஆகாது. பிள்ளையவர்கள் ஒரு நூலைக் கையில் எடுத்தால், அதன் பிரதிகளை இயன்ற இடங்களிலெல்லாம் தேடினார்கள். தமிழ்நாட்டு மடங்களுக்கும் வித்துவான்களுக்கும் யாழ்ப்பாணத்து அன்பர்களுக்கும் எழுதி ஏடுகளைப் பெற்றார்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார்கள். ஏடு உதவினோரையும் ஆராய்ச்சியில் உதவினோரையும் நன்றியோடு குறித்தார்கள். இவ்வளவுஞ் செய்தபின்னும் விளங்காத இடம் எஞ்சும். அவ்விடத்திலே இரண்டு வழிகள் உள. எல்லாம் விளங்கும் நாள் வருமளவும் நூலைப் பூட்டிவைத்தல் ஒன்று. விளங்காத இடம் உளதென ஒப்பி, கற்றோர் திருத்துகவென நூலை அவர்முன் வைத்தல் மற்றொன்று. ஏடு நாடோறும் உதிர்ந்துகொண்டிருக்கையில் முதல்வழியை மேற்கொள்ளல் கொள்ளிவைத்த வீட்டுக்கு முகூர்த்தம் பார்த்து நீர் மொள்ளுதல் போலும். பிள்ளையவர்கள் இரண்டாம் வழியையே மேற்கொண்டார்கள். ஆராயாமைக்கும் ஆராய்ந்தபின் துணிதற்கும் உள்ள வேற்றுமை இதுவாம்.

இத்துணிவினால் விளைந்த பயனை ஒரு செய்தியால் விளக்குவோம். 1885ஆம் ஆண்டு பொருளதிகாரத்தை வெளியிட்டபொழுது, அதன் உரை முழுவதும் நச்சினார்க்கினியர் உரையேயென்று பிள்ளையவர்கள் கொண்டார்கள். அது சரியன்று. மெய்ப்பாட்டியல் முதலிய பின்னான்கு இயல்களுக்கும் அவர்கள் அச்சிட்ட உரை பேராசிரியருடையதென்று பின்வந்த ஆராய்ச்சியாளர் நிறுவினர். கற்றோரும் அதனை ஏற்றுக்கொண்டனர். இதனைக் கேட்டுப் பிள்ளையவர்களுடைய பெருமை குறைந்ததென்று நினைப்பாருளராயின், அவர் ஒன்றை எண்ணிப்பார்ப்பாராக. அப்பிழையைக் கண்டவர் எதனைக் கற்றுக் கண்டனர்? பிள்ளையவர்கள் அச்சிட்ட அந்நூல் உலாவிய பின்னரன்றோ அவ்வாராய்ச்சி எழுந்தது. நூல் ஏட்டிலேயே கிடந்திருந்தால், இவ்வுரை யாருடையது என்னும் வினாவே எழுந்திராது. தம்மைத் திருத்துதற்கு வேண்டிய கருவியைத் தாமே பிறர் கையிற் கொடுத்துப் போனார்கள். ஓர் ஆசிரியனுக்கு இதனின் மேலான வெற்றி யாதுளது?

இங்கே எம் குறையொன்றைச் சொல்லாது மேற்செல்ல மனம் ஒருப்படவில்லை. யாம் உபாத்தியாயத் தொழிலிற் புகுந்த இரண்டாம் ஆண்டிலே, ஒரு பழைய செய்யுளில் வந்த அரவம் என்னுஞ் சொல்லுக்குப் பாம்பு என்று மாணாக்கர்க்குப் பொருள் கூறினோம். அன்றிரவு உரையை எடுத்துப் பார்க்க, அவ்விடத்தில் அது ஒலி என்னும் பொருட்டு என்று கண்டோம். மறுநாள் வகுப்பிலே அதனைச் சொல்லியிருத்தல் வேண்டும். இளம் உபாத்தியாயன், நேற்றுச் சொன்னதை இன்று மாற்றினால் மாணாக்கர் மதியார் என்று அஞ்சி, அப்பாடத்தைக் கடந்து அடுத்த பாடத்திற்குச் சென்றோம். பல்லாண்டு கழிந்தபின் ஒருநாள், எம்மிடங் கற்றுத் தாமும் உபாத்தியாயரான ஓர் இளைஞர் நடத்திய வகுப்பைப் பார்வையிட நேர்ந்தது. அவர் அதே செய்யுளை எடுத்து, அதே சொல்லுக்குப் பாம்பு என்று பொருள் கூறி, எம்மை நோக்கிப் புன்முறுவல் செய்தார். எம்மிடங் கற்றதை மறவாமையைக் காட்டினார். அப்பொழுது யாம் அடைந்த நாணத்துக்கு அளவில்லை. எம் மதிப்பைக் காக்க யாம் மறைத்த ஒரு சொல், அவர் வழியே எத்தனை சிறுவர் செவியில் ஏறிற்றோ! அன்று மாலையே அவரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் எம்மை இகழவில்லை. மறுநாளே தம் மாணாக்கர்க்கு அதனைத் திருத்திச் சொன்னார். யாம் செய்ய அஞ்சியதை எம் மாணாக்கர் அஞ்சாது செய்தார்.

இனிப் பிள்ளையவர்களிடத்து விளங்கிய மற்றொரு குணத்தைக் கூறுவோம். அவர்கள் பதிப்பித்த நூல்களின் வரிசையை நோக்குக. தணிகைப்புராணம் கச்சியப்ப முனிவர் அருளிய சைவ நூல். வீரசோழியமோ புத்தமித்திரனார் இயற்றிய பௌத்த நூல். சூளாமணி தோலாமொழித்தேவர் இயற்றிய சமண காவியம். சைவப்பற்று மிக்க ஒருவர் தம் கண்ணொளியையும் பொருளையும் இந்நூல்களுக்கும் செலவிட்டார்கள். சூளாமணியைக் காவியமாகப் பதிப்பித்ததோடு நில்லாது, செய்யுள் விளங்காதார்க்கும் பயன்படுமாறு அதன் கதையை வசனமாகவும் எழுதினார்கள். தம் கொள்கையில் உறுதியுடையார்க்குப் பிறர் கொள்கையை உள்ளவாறே காட்டுதலில் அச்சமில்லை. நாம் நம் மாணாக்கர்க்குப் பிறசமயத்தார் கருத்தைக் கூறும்பொழுது, அதனை வளைத்தும் குறைத்தும் கூறி எளிதில் வென்றுவிடுகின்றோம். அவ்வெற்றியால் மாணாக்கர் அறிவது ஒன்றுமில்லை. அயலார் கூற்றை அவரே ஒப்புமாறு எடுத்துரைத்து, அதன்பின் நம் சித்தாந்தத்தை நிறுவுதலே நம் ஆசாரியர் நூல்களிலும் பரபக்கம், சுபக்கம் என்னும் முறையாய் அமைந்துள்ளது.

அக்காலத்திற் கும்பகோணங் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரவர்களும் பழைய நூல்களைத் தேடி ஆராய்ந்து வந்தார்கள். சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கும் எண்ணம் இருவர்க்கும் இருந்தது. ஐயரவர்களே அதனை 1887இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டிற் பிள்ளையவர்கள் கலித்தொகையை வெளியிட்டார்கள். எட்டுத்தொகையுள் அச்சிலே முந்தியது அதுவே. ஐயரவர்கள் பின்னர்ப் பதிப்பித்த பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலியவற்றால் தமிழ்நாடு பெற்ற பயனை யாவரும் அறிவர். இன்று சங்க நூல்களைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இவ்விருவர்க்குங் கடன்பட்டவர். திருத்தத்திற் சிறந்தவர் யார், காலத்தால் முந்தியவர் யார் என்று வழக்காடுவார் வழக்காடுக. அறிவென்னும் பெருவீட்டைக் கட்டுகையிற் காடு வெட்டி நிலந்திருத்தினவரும் வேண்டும். சுவர் எழுப்பி வண்ணந் தீட்டினவரும் வேண்டும்.

முற்றுங் கற்றார்க்குரிய நூல்களோடு பிள்ளையவர்களுடைய கருத்து நின்றுவிடவில்லை. பாடசாலை மாணாக்கர்க்கென ஆறாம் வாசகப்புத்தகம், ஏழாம் வாசகப்புத்தகம் என்பவற்றை எழுதினார்கள். 1876ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்து ஏழாலையிலே ஒரு சைவ வித்தியாசாலையை நிறுவித் தம் பொருள் கொண்டு நடத்தினார்கள். சுன்னாகம் அ. குமாரசாமிப்புலவரவர்கள் அங்கே பல்லாண்டு கற்பித்தார்கள். தொல்காப்பியச் சுவடியை ஒப்புநோக்கிய கையே வாசகப்புத்தகமும் எழுதிற்று என்பதை நாம் மறத்தலாகாது. சிறுவர்க்கு எழுதுதலைச் சிறுமையென்று கருதும் புலவர் எக்காலத்தும் உளர். நாவலரவர்கள் பாலபாடம் எழுதினார்கள். பிள்ளையவர்கள் வாசகப்புத்தகம் எழுதினார்கள். உயர்ந்தது என்றும் தாழ்ந்தது என்றும் கல்விக்கு எல்லை வகுத்தார்களல்லர். கற்போன் எப்படியில் நிற்கின்றானோ அப்படிக்கு இறங்கிவந்து கைகொடுத்தார்கள்.

பிள்ளையவர்கள் ஓய்வின்பின் கும்பகோணத்தில் வழக்கறிஞராயிருந்து, 1887ஆம் ஆண்டு முதற் சில ஆண்டு புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதி பதவி வகித்தார்கள். நீதிபதியாயிருந்த காலத்தும் பதிப்புப்பணி நின்றிலது. 1895இல் அரசினர் இராவ்பகதூர் என்னும் பட்டம் அளித்தனர். பட்டச்சுமை தமக்கில்லையென்று கருதியவர்களைத் தேடிப் பட்டம் வந்தது. 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி, புதிய நூற்றாண்டின் முதனாளிலே, சென்னையிற் சிவபதமடைந்தார்கள்.

அவர்கள் செய்த பணியின் அருமையை நம் தலைமுறையார் ஒரு பெருந்துன்பத்தின் வாயிலாக அறிந்துகொண்டோம். யாம் சிறுவராயிருந்த 1981ஆம் ஆண்டு, மே மாத முடிவும் ஜூன் மாதத் தொடக்கமுமாகிய இரவிலே, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. அவற்றோடு ஓலைச்சுவடிகளும் எரிந்தன. அச்சிட்ட நூல்களுட் பலவற்றை மறுபடி தேடிக்கொள்ள முடிந்தது. ஏனெனில் அவை வேறிடங்களிலும் இருந்தன. வேறு பிரதி இல்லாத ஏடும் கையெழுத்தும் எரிந்தவழியோ, அவை என்றைக்கும் இல்லையாயின. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் அறிவு ஒரு தீக்குச்சிக்கு ஆற்றாது. பலரிடத்துப் பரவிய அறிவைச் சுடும் நெருப்பு இல்லை. பொருளதிகாரம் அவ்விரவில் அழியாதிருந்தது எவ்வாறென வினாவின், 1885ஆம் ஆண்டு ஒருவர் பழிக்கு அஞ்சாது அதனை அச்சிட்டார்கள் என்பதே விடையாகும்.

சைவ உபாத்தியாயர்களே! நம்மிற் பெரும்பாலோர் ஏடு தேடிப் பதிப்பிக்கப் போவதில்லை. ஆயினும் நம் ஒவ்வொருவரிடத்தும் ஒரு சுவடி உளது. பல்லாண்டு கற்பித்து நாம் கண்ட வழிகள், எந்தப் பாடம் எவ்விடத்தில் மாணாக்கனை இடறச்செய்யும் என்னும் அறிவு, நம் ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்லிச்சென்ற விளக்கங்கள், நம் ஊர்க் கோயிலின் வரலாறு என்பனவெல்லாம் அச்சுவடியின் ஏடுகள். இவற்றை நாம் எழுதிவைப்பதில்லை. கேட்டால், இன்னுஞ் சரிபார்க்கவேண்டும் என்கின்றோம். பிறிதோர் உபாத்தியாயர் நம் குறிப்புப்புத்தகத்தை இரவல் கேட்டால் முகஞ்சுளிக்கின்றோம். ஓய்வுபெறும் நாளில் அவையெல்லாம் நம்மோடு வீட்டுக்குச் செல்லும். பின்பு நம்மோடு சுடலைக்குச் செல்லும். முன்னாளிற் செல்லரித்த ஏடுகளுக்கு இரங்கும் நாம், நம் காலத்தில் நாமே செல்லாயிருத்தல் தகுமா?

ஆதலால் மூன்று செயல்களை நம் கடமையாகக் கொள்வோம். வகுப்பிற் கூறியது பிழையென்று அறிந்தால், மறுநாள் முதல்வேலையாக அதனை மாணாக்கர்முன் திருத்துவோம். ஒரு விளக்கத்தை யாரிடங் கேட்டோமோ, எந்நூலிற் கண்டோமோ, அதனைப் பெயர் சொல்லிக் கூறுவோம். மாணாக்கன் நம்மோடு நின்றுவிடாது அம்மூலத்துக்குச் செல்ல அது வழியாகும். நாம் அறிந்தவற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எழுதி, உடனாசிரியர் பார்வைக்கு வைப்போம். அவர் குற்றங் கூறினால் நன்றி கூறுவோம். இவற்றுக்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. நம் மதிப்பைச் சிறிது இழக்க இசையும் மனமே வேண்டும்.

பிழை காட்டப்பெற்ற ஆசிரியனை மாணாக்கர் மதியார் என்று நாம் அஞ்சுகின்றோம். தம் பதிப்பிலே பிழை காணப்பெற்ற தாமோதரம்பிள்ளையவர்களைத் தமிழுலகம் நூறாண்டு கடந்தும் வணங்குகின்றது. பிழைக்கஞ்சி ஏட்டைப் பூட்டிவைத்த பெரும்புலவர்களின் பெயரை இன்று சொல்வார் இல்லை. இவ்விரண்டினுள் எவ்வழி நமக்கு உரியது என்பதை நம் நெஞ்சே அறியும். நமக்கு அத்துணிவைத் தந்தருளுமாறு எல்லாம்வல்ல சிவபெருமானுடைய திருவடிகளைச் சிந்திப்போமாக.